சைகை மொழி கைகளில் மட்டுமா இருக்கிறது?

தொலைக்காட்சிச் செய்தியின்போது திரையின் ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அவருடைய கைகளை விட்டுவிட்டு முகத்தைக் கவனியுங்கள். புருவம் உயரும், உதடு குவியும், தலை சாயும். இவை வெறும் உணர்ச்சிக் குறிகள் அல்ல. சைகை மொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதி முகத்தில்தான் இருக்கிறது.

இதைக் கவனிக்காததால் ஒரு கண்டுபிடிப்பு சிக்கலுக்கு உள்ளானது. 2016-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் ‘சைன்அலவுட்’ என்ற கையுறைகளுக்காக 10,000 அமெரிக்க டாலர் பரிசு பெற்றனர். கையுறைகளில் இருந்த உணரிகள் கையின் நிலையையும் அசைவையும் பதிவு செய்து, புளூடூத் வழியாகக் கணினிக்கு அனுப்பும். கணினி அந்த அசைவுக்கு உரிய சொல்லைக் கண்டறிந்து குரலாக ஒலிக்கும்.

பலரும் பாராட்டினர். ஆனால், காது கேளாதோரும் சைகை மொழி வல்லுநர்களும் குறைகளைச் சுட்டிக்காட்டினர். அமெரிக்கச் சைகை மொழியில் ‘நீ சாப்பிட்டாய்’ என்பதற்கும் ‘நீ சாப்பிட்டாயா?’ என்பதற்கும் கையசைவு ஒன்றாகவே இருக்கலாம். புருவத்தை உயர்த்தினால்தான் அது கேள்வி. தமிழில் ‘ஆ’ என்ற எழுத்து செய்யும் வேலையை அங்குப் புருவம் செய்கிறது. கையுறைக்குப் புருவம் தெரியாதே!

இன்னொரு குறையும் உண்டு. கையுறை பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியும். அவர் வாய்திறந்து பதில் சொன்னால், காது கேளாதவருக்கு எப்படிப் புரியும்? கருவியை அணியும் சுமை மட்டும் அவருக்கு.

இன்று ஆய்வாளர்கள் பலர் கேமராவை நாடுகின்றனர். கூகுள் 2019-இல் வெளியிட்ட ‘மீடியாபைப்’ மென்பொருள், ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளைக் கண்டறிகிறது. மணிக்கட்டில் ஒன்று, ஒவ்வொரு விரலிலும் நான்கு. முகத்திலோ 468 புள்ளிகள். விரல் மடங்குவதும் புருவம் உயர்வதும் எண்களாக மாறுகின்றன. ஏராளமான காணொளிகளிலிருந்து அந்த எண்களின் ஒழுங்கைக் கணினி கற்றுக்கொள்கிறது.

ஆனால், யாருடைய காணொளிகள்? உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் பேசுவது ஆங்கிலம்தான். அவர்களின் சைகை மொழிகளோ வேறு வேறு. ஆங்கில எழுத்துகளை அமெரிக்கர் ஒரு கையாலும் பிரிட்டிஷார் இரு கைகளாலும் காட்டுகின்றனர்.

நம் நாட்டிலும் தனி வரலாறு உண்டு. 1954-இல் பினாங்கில் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியது. பேச்சுவழிக் கற்பித்தலே முதன்மையாக இருந்த அக்காலத்தில், பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே தாங்களே சைகைகளை உருவாக்கிக்கொண்டனர். அப்படிப் பிறந்ததே பினாங்கு சைகை மொழி. இன்று நாடு முழுவதும் வழங்கும் ‘பஹாசா இசியாரட் மலேசியா’வை 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுள்ளது. அமெரிக்கக் காணொளிகளை மட்டும் பார்த்துப் பழகிய கணினியால் இம்மொழியைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

மாணவர்களே, புத்தாக்கப் போட்டிக்கு இத்தகைய கருவி ஒன்றைச் செய்ய எண்ணுகிறீர்களா? உணரிகள் வாங்கக் கடைக்குப் போகும் முன், சைகை மொழியில் பேசும் ஒருவரைச் சந்தியுங்கள். அவருக்கு என்ன தேவை என்று அவரிடமே கேளுங்கள். ஆய்வின் முதல் படி அதுதான்.