ஊர் வேலைக்காரர்கள் – 9: நாய் வண்டியில் வருபவர்

போன வாரம் பாதாளச் சாக்கடைப் பணியாளர்களைப் பார்த்தோம். இந்த வாரம் நாய் வண்டி. தெருவுக்குள் நுழைந்ததுமே பாதிப் பேர் திட்டுவார்கள்; மீதிப் பேர் "இவ்வளவு நாளா எங்க போனீங்க?" என்பார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்தான் இந்த வார ஆள்.

தெருநாய்ப் பிரச்சினை பற்றி நாடே பேசிவிட்டது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்த, ஆக்ரோஷமான நாய்களுக்கு மட்டும் விலக்கு. நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பதை அங்கேயே திரும்ப விடக் கூடாது. பிடித்ததை எங்கே விடுவது என்பதில் இத்தனை வாதம். பிடிப்பவர் யார், அவருக்கு அந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாரைக் காணோம்.

சென்னையில் இந்த வேலையின் பழைய கதை கேட்கச் சகிக்காது. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார்: 1996 வாக்கில் மாநகராட்சி ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொன்றுகொண்டிருந்தது. எழுபதுகளிலேயே, கொன்ற நாய்களின் தோலைக் கொண்டு கழுத்து டையும் மணிபர்ஸும் செய்ய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வடிவமைக்கும் அளவுக்கு எண்ணிக்கை இருந்ததாம். அந்த வேலைக்குச் சுருக்குக் கம்பியும் கைப் பலமும் போதும். சாகப்போகிற நாய்க்குக் கழுத்து அறுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? 1996-ல் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியதும் கணக்கே தலைகீழானது. இந்த நாய் அறுவை மேசைக்குப் போக வேண்டும். மிரண்டு, மூச்சிரைத்து, அடிபட்டு வந்தால் மயக்க ஊசியே அதற்கு ஆபத்து. அப்புறம் பத்திரமாகத் தன் தெருவுக்கே திரும்ப வேண்டும். வேலை முழுக்க மாறிவிட்டது. வேலைக்காரரை மாற்றிப் பயிற்றுவிப்பது பற்றித்தான் பேச்சு குறைவு.

2001-ல் வந்த மத்திய அரசின் நாய்க் கருத்தடை விதிகள், வண்டியில் ஓட்டுநர் ஒருவர், நாய் பிடிப்பதில் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேராவது, விலங்கு நல அமைப்பின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றன. 'பயிற்சி பெற்றவர்' என்ற ஒரு சொல்தான். எத்தனை மணி நேரம், யார் கொடுப்பது, தேறினாரா என்று யார் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2023 விதிகள் இடுக்கியையும் கம்பியையும் அடியோடு தடை செய்து, வலையாலோ கையாலோ பிடிக்கச் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் இருபது வருடம் கம்பியால் பிடித்தவர் கையில் ஒரு நாள் காலையில் வலையைக் கொடுத்தால் என்ன செய்வார்?

வலை வீசுவது லேசுப்பட்ட காரியமில்லை. நீளக் கைப்பிடி, முனையில் பெரிய வளையம், அதில் தொங்கும் பை வலை. பழகியவர் அதைக் காலோடு ஒட்டி மறைத்துக்கொண்டு, நாயைப் பார்க்காமல், வேறு எங்கோ போகிறவர்போல நடப்பார். கண்ணுக்குக் கண் பார்த்தால் நாய் எழுந்துவிடும். பக்கத்தில் வந்ததும் ஒரே வீச்சு. வளையத்தைத் தரையோடு அழுத்துவார். நாய் தப்பிக்கப் பாய்வது வலையின் அடிப்பகுதிக்குள்தான். உடனே கைப்பிடியைத் திருப்பி வலையின் வாயை முறுக்கிவிடுவார். தடுப்பூசி முகாம் என்றால் இன்னொருவர் வலைக்கு மேலாகவே ஊசி போட்டு, தலையில் சாயம் தெளித்து அடையாளம் வைப்பார். வலை திறக்கும், நாய் ஓடும்.

கோவாவில் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பின் தடுப்பூசிக் குழுக்கள் தெருத் தெருவாகச் செய்தது இதைத்தான். எந்த இடத்தில் எந்த நாய் என்று கைப்பேசிச் செயலியில் பதிந்தபடியே போனார்கள். 2021-ல் கோவா, ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமையில் பாதி, வலை வீசிய கைகளுக்குப் போக வேண்டும் என்பேன்.

பயிற்சியில் இன்னும் பெரிய பகுதி, நாயைப் படிப்பது. வால் ஆட்டுகிற நாயெல்லாம் சிநேகமான நாய் இல்லை. வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் படபடத்தால் அது எச்சரிக்கை. ரேபிஸ் என்றால் எச்சில் ஒழுக விரட்டி விரட்டிக் கடிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாதுவாகச் சுருண்டு கிடக்கிற ரேபிஸும் உண்டு. தாடை தொங்கும், விழுங்க முடியாது, தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்ட நாய் மாதிரியே இருக்கும். பாவம் பார்த்து வாய்க்குள் விரல் விட்டவருக்குக் கடியே தேவையில்லை. கையில் ஒரு கீறல் இருந்து அதில் எச்சில் பட்டால் போதும். இந்த ஒரு பாடத்துக்காகவே எல்லா நாய் வண்டிப் பணியாளரையும் வகுப்பில் உட்காரவைக்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்தப் பயிற்சியைச் சட்டமாகவே போட்டிருக்கிறது. விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலராகச் சேர்ந்த ஓராண்டுக்குள் குறைந்தது 12 மணி நேர அடிப்படைப் பயிற்சி. பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 30 மணி நேரத் தொடர்பயிற்சி. பாடங்களைப் பார்த்தால் வேலையின் அகலம் தெரியும்: பிடிப்பது, ஏற்றிச் செல்வது, நோயை அடையாளம் காண்பது, முதலுதவி, மக்களிடம் பேசுவது, விலங்கு வதைக்கு ஆதாரம் திரட்டுவது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது. 12 மணி நேரம் ஒன்றும் பிரமாதமில்லை. இதைப் படித்துச் சிரிக்கிற டெக்சாஸ்காரர்களும் இருப்பார்கள். ஆனாலும் ஓர் எண் இருந்தால்தான் 'கொடுத்தீர்களா?' என்று கேட்க முடியும். 1978-ல் தொடங்கிய, அமெரிக்க விலங்குக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களின் தேசிய சங்கமும் பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அதைக் காட்டி வேறு ஊரில் வேலை கேட்கலாம்.

நம் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் நடக்கிறது. நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம். அப்படிக் கணக்கிட்டால் அவசரம் வரத்தான் செய்யும். பால் கொடுக்கிற தாயையும் ஆறு மாதம் ஆகாத குட்டியையும் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது என்கிறது விதி. எண்ணிக்கையை நினைத்து ஓடுகிறவருக்கு மடி கனத்திருக்கிறதா என்று பார்க்க நேரம் ஏது? பிடித்த தெருவை ஒழுங்காகக் குறிக்காமல் வேறு தெருவில் இறக்கிவிட்டால், அந்தத் தெரு நாய்கள் சேர்ந்து குதறிவிடும்.

என் கணிப்பில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், மணிக்கணக்கு, தெருவில் செய்துகாட்டித் தேறும் தேர்வு, சான்றிதழ், அதற்கேற்ற சம்பளம். கால்நடை மருத்துவர்களுக்குக் கருத்தடை அறுவையில் பயிற்சி தரும் நிலையம் நீலகிரியிலேயே இருக்கிறது. மாநிலத்தின் வலைக்காரர் எல்லோருக்கும் அங்கே பெஞ்சு போடலாம். வண்டியில் ஏறும் முன்பே அவருக்கு ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இதற்கு நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவையில்லை.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்தால், கையில் வலையா கம்பியா என்று பாருங்கள். கம்பி என்றால் படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் அனுப்புங்கள். வலை என்றால் நாயை ஒளித்து வைக்காமல், கூட்டம் கூடிக் கத்தாமல், பத்தடி தள்ளி நில்லுங்கள். போகும்போது எந்தத் தெரு என்று எழுதிக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)