பியர் ஆய்வுகூடம் தந்த அளவுகோல்கள்



டென்மார்க்கில் பல்கலைக்கழகம் போகும் என் மகள், பியர் தயாரிப்புச் சார்ந்த ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னாள். “ஏன் பிள்ளை, வேற இடம் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டேன். குடியால் சிதைந்த குடும்பங்களை அகதி முகாமிலேயே கண்டவன் நான். “அப்பா, அங்கை குடிக்கப் பழக்கிறேல்லை. மதுவத்தையும் பார்லியையும் பற்றித்தான் படிப்பிக்கினம்” என்றாள். அதன் பிறகுதான் நானும் தேடி வாசித்தேன்.

கொப்பன்ஹேகனில் 1847 இல் கார்ல்ஸ்பேர்க் ஆலையைத் தொடங்கியவர் ஜே. சி. யாக்கோப்சன். காரணம் தெரியாமலே பியர் பழுதாகிப் போகும் காலம் அது. 1875 இல் அவர் ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். பயனுள்ள எந்த முடிவையும் இரகசியமாக வைத்திருக்கக் கூடாது என்பது அதன் விதி.

அங்கே 1883 இல் எமில் ஹன்சன், காட்டு மதுவங்கள் கலப்பதே பழுதுக்குக் காரணம் என்று கண்டு, ஒரே கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். யாக்கோப்சன் அதை மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

அதே வருடம் யொஹான் கெல்டால் இன்னொரு வழி கண்டார். பார்லியை முளைக்க வைத்து உலர்த்தினால் மோல்ற். பார்லியில் புரதம் கூடினால் மாப்பொருள் குறையும், பியர் கலங்கும். எனவே புரதத்தை அளக்க வேண்டும். தானியத்தைச் சல்பூரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கி அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடலாம். பருப்பு, பால்மா போன்ற உணவுகளின் புரதத்தை அளக்க இன்றும் இம்முறை பயன்படுகிறது.

1909 இல் அங்கே எஸ். பி. எல். சோரன்சன், நொதியங்களின் வேலை அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவதை ஆராயும்போது பி.எச். அளவுகோலை உருவாக்கினார். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். நமது இரத்தத்தின் பி.எச். 7.35 க்கும் 7.45 க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இதை வாசித்தபோது ஊர்ப் பனை ஞாபகம் வந்தது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. சுண்ணாம்பு பி.எச். ஐ உயர்த்துவதால் மதுவம் வேலை செய்ய முடிவதில்லை. எங்கள் ஆட்களுக்குச் செய்முறை தெரிந்திருந்தது. அதை அளக்கும் எண் கொப்பன்ஹேகனில் கிடைத்தது.

ஆனால் எந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2008 இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமின் என்ற இரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதில் நைதரசன் அதிகம். சோதனை நைதரசனைத்தான் அளக்கிறது. ஆகவே புரதம் நிறைய இருப்பதாகக் காட்டியது. 6 குழந்தைகள் இறந்தார்கள், சுமார் 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஓர் எண்ணை நம்புவதற்கு முன், அது எதை அளக்கிறது என்று தெரிந்த ஆட்கள் வேண்டும்.

மகள் படிக்கப் போனது அதைத்தான். குடி பற்றிய என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் பயிற்சியின் முதல் நாள் காலையில் அவளை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒரு துறையின் பெயரைச் சொன்னால், மறுப்பதற்கு முன் அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்.