காற்றுக்கு எதிரே எட்டு கிலோமீட்டர்!

‘சலவையில் பேண்ட் சுருங்கிப்போச்சு’ என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் நம்பினார்கள். டாக்டர் நம்பவில்லை. இடுப்பில் டேப்பைச் சுற்றியவர், "நூறு சென்டிமீட்டர்! நம்ம ஊர் ஆம்பளைக்கு 90 தாண்டினாலே ஆபத்து சார்" என்றார். மூன்று மாச சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டில் 6.2. "5.7-லேர்ந்து 6.4 வரை வாசப்படி. 6.5 ஆச்சுன்னா வீட்டுக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம்."

சிரிக்க முடியவில்லை. அந்த வீட்டுக்குள் போன என் அப்பா, ஒரு கால்விரலைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளே மாடிப்படிக்கு அடியில் கிடந்த அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்தேன். வீடு செங்கோட்டை, ஆபீஸ் தென்காசி. சுமார் எட்டு கிலோமீட்டர். சைக்கிள் கடை அண்ணாச்சி சீட்டை உயர்த்திக் கொடுத்தார். "பெடல் கீழ வரும்போது முழங்கால் லேசா மடங்கினா போதும். குத்தவெச்சு மிதிச்சா மூட்டு வலிக்கும்." கேரளா லாரிகள் பறக்கிற ரோடு என்பதால், பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் மாட்டிவிட்டார்.

அது சாரல் மாசம். ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, அரை மணியில் ஆபீஸ். ‘இவ்வளவுதானா!’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சாயங்காலம்தான் தெரிந்தது. காலையில் தள்ளிய அதே காற்று, இப்போது நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது. புல்லுக்கட்டோடு நடந்துவந்த பாட்டி ஒருத்தி, "ஏ தம்பி, எறங்கி உருட்டிட்டுப் போ. சீக்கிரம் போயிரலாம்" என்றார்!

அடுத்த கண்டம், பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை போய்விட்டது. பார்டர் என்ற பேர் போகவில்லை. புரோட்டா வாசனையும் போகவில்லை. ‘சைக்கிள்லதானே வர்றோம்’ என்று தினம் மூணு புரோட்டா, சால்னா. மாசக் கடைசியில் எடை பார்த்தால், ஒரு கிலோ கூடுதல்!

"ஏங்க, சைக்கிள்தான் இளைச்சிருக்கு" என்றாள் மனைவி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக வர 16 கிலோமீட்டர் மிதித்தால் சுமார் 400, 500 கலோரி செலவாகும். மூணு புரோட்டா அதைப் பத்தே நிமிஷத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும். அன்றிலிருந்து புரோட்டா சனிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் பிரானூரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிறேன்.

"எடையை மட்டும் பார்க்காதீங்க" என்றார் டாக்டர். பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கவனித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போகிறவர்களிடம் இதய நோயும் புற்றுநோயும் குறைவாக இருந்ததாம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷ உடற்பயிற்சி. எனக்கு அது ஆபீஸ் போய் வருவதிலேயே முடிந்துவிடுகிறது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ‘நாளைக்கு ஆரம்பிக்கலாம்’ என்று ஏமாற்றவும் முடியாது.

ஆறு மாசம் ஆச்சு. எடை நாலு கிலோ குறைவு, இடுப்பு 94, சர்க்கரை 5.8. வாசப்படியில்தான் நிற்கிறேன், ஆனால் முகம் தெருப்பக்கம் திரும்பிவிட்டது.

தினம் காலையில் நான் கிளம்பும்போது, அப்பா திண்ணையிலிருந்து குனிந்து டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார்.

"பின்னாடி காத்து கம்மியா இருக்கு. அடிச்சிட்டுப் போ."

பேண்ட்? இப்போது சலவையில் பெரிசாகிக்கொண்டிருக்கிறது!