உங்களுக்குத் தெரியுமா? காசில் இரண்டு மொழி, படையில் கிரேக்கப் பதவி!

வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் லேபிள் அடிக்க வேண்டும் என்பது நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். சுமார் 2,150 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் காசில் செய்து காட்டினார்கள், வடமேற்கு இந்தியாவை ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர்கள்.

● அவர்களில் ஒருவரான மினாண்டரின் வெள்ளிக்காசில் முன்பக்கம் அவர் தலை, சுற்றிலும் கிரேக்க எழுத்து. திருப்பினால் அத்தீனா தேவி. சுற்றிலும் உள்ளூர்க் கரோஷ்டி எழுத்தில், பிராகிருத மொழியில் ‘மகாரஜஸ திரதரஸ மெனம்த்ரஸ’. அதாவது, காக்கும் பேரரசன் மினாண்டருடையது.

● கிரேக்கப் பதவிப் பெயரான ‘மெரிதர்க்’ என்றால் ஆட்சிப் பிரிவொன்றின் அதிகாரி. அப்பதவியில் இருந்த தியோடோரஸ் என்பவர் புத்தரின் புனித எச்சங்களை நிறுவிய செய்தி, ஸ்வாட் பள்ளத்தாக்கில் கிடைத்த கலசத்தில் இருக்கிறது.

● கிரேக்கர் ஆட்சி போன பிறகும் பதவிப் பெயர் போகவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் அதே வடமேற்குப் பகுதியில் ஆண்ட அஸ்பவர்மன் தன் காசில் ‘ஸ்த்ரதேக’, அதாவது தளபதி என்று பொறித்துக்கொண்டான். இன்று கம்பெனி மீட்டிங்கில் அடிபடும் ‘ஸ்ட்ராட்டஜி’யும் அதே வேர்தான்!

● கோட்டைக்கு அடியில் தோண்டும் ‘சுரங்கம்’கூட, ‘சிரிங்க்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வடமொழி வழியாக வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

● தமிழகத்தில் யவனர் (கிரேக்கர் முதலான மேலைநாட்டார்) ஆளவில்லை, காவல் காத்தார்கள். அரசனின் பாசறையில் அவர்கள் இருந்ததை முல்லைப்பாட்டு சொல்கிறது.