மானியம் ஏற்றிய விளக்கு

"டீச்சர், லைட் ஏன் எரியல?"

2012-ஆம் ஆண்டில் ஒரு மாலை வேளை, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அப்போதிருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ஏனென்றால் அந்த விளக்கு அணைந்ததற்கு நானும் ஒரு காரணம்.

கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்லி விடுகிறேன்.

பேராக் மாநிலத்தில் நான் பணியாற்றிய தோட்டத்தில், கோயிலுக்குப் பின்னால் பழைய ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து படிக்க அதை வாசக சாலையாக்கினோம். லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கொட்டகை வரைக்கும் கம்பி இழுக்கத்தான் வசதி இல்லை. 2009-இல் வெளியூர் நல்லவர்கள் சிலர் பணம் திரட்டி, இரண்டு சூரிய ஒளித் தகடுகள், ஒரு பேட்டரி, நான்கு விளக்குகள் வாங்கித் தந்தார்கள். திறப்பு விழாவில் மாலை மரியாதை, மேளம், பொங்கல் எல்லாம் நடந்தன. படமும் பிடித்தோம். வாசக சாலைக் குழுவின் செயலாளர் நான்தான்.

இரண்டு ஆண்டுகள் விளக்கு நன்றாக எரிந்தது. மூன்றாம் ஆண்டில் ஒளி மங்கியது. பிறகு ஒருநாள் அடியோடு அணைந்தது. கார் பேட்டரி போலவே அதற்கும் வடிநீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்து கொள்ளவும் இல்லை. புதியது வாங்கப் பெட்டியில் பணமும் இல்லை. "கொடுத்தவர்களே வந்து பார்க்கட்டும்" என்று சிலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மானியம் என்பது விளக்கை ஏற்றி வைக்கும். அதை அணையாமல் காப்பது ஊராரின் சேமிப்பும் படிப்பும்தான். இந்தப் பாடத்தை நான் ஒரு பிள்ளையின் படிப்பைப் பலி கொடுத்துக் கற்றேன். அதே பாடத்தை நம் நாட்டின் மலைக் கிராமத்து மக்கள் எங்களுக்கு முன்பே கற்று, நடத்தியும் காட்டியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

மலைக்குள் ஒரு வெளிச்சம்

சபாவில் பெனாம்பாங் மாவட்டத்து மலைகளுக்குள்ளே தெரியான் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. குரோக்கர் மலைத்தொடரின் நடுவே அமைந்த ஊர். அரசாங்க மின்கம்பி அவ்வளவு தூரம் போகவில்லை. 2005-ஆம் ஆண்டில் அந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. எங்கிருந்து? ஊருக்கு மேலே ஓடிய ஓடையிலிருந்து!

இதற்குத் துணை நின்றது தோனிபுங் என்னும் சபா மக்கள் அமைப்பு. 1991-இல் தொடங்கியது. லாபம் தேடாத தொண்டு அமைப்பு. இதன் நிறுவனர்களில் ஒருவரான ஏட்ரியன் லசிம்பாங் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 2018-இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

சரவாக்கில் லோங் லாவென் என்ற ஊரின் கதை இன்னும் உருக்கமானது. 2,400 மெகாவாட் மின்சாரம் தரும் பக்குன் அணைக்காக ஏறக்குறைய 10,000 பேர் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. பெரும்பாலோர் சுங்கை ஆசாப் குடியிருப்புக்குப் போனார்கள். கென்யா என்னும் பூர்வகுடி இனத்தாரில் ஒரு பகுதியினர் அங்கே போகாமல், மூதாதையரின் நிலத்திலேயே லோங் லாவெனை அமைத்துக் கொண்டார்கள். 2002-இல் வெளிநாட்டு, உள்நாட்டுத் தொண்டு அமைப்புகளின் உதவியோடு 10 கிலோவாட் சிறு நீர்மின் நிலையம் அங்கே எழுந்தது. டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் வாங்கிக் கரைந்த பணம் மிச்சமாயிற்று.

பெரிய அணைக்காக இடம் பெயர்ந்தவர்கள், சிறிய ஓடையைக் கொண்டு தங்கள் வீட்டில் விளக்கேற்றிக் கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

ஓடை எப்படி விளக்காகிறது?

இது மந்திரமல்ல. மேட்டில் ஓடும் ஓடையைச் சிறு தடுப்புச் சுவர் கட்டித் திருப்புகிறார்கள். மணலும் சருகும் படிந்து நிற்க ஒரு தொட்டி. அங்கிருந்து நீர் குழாய் வழியே மலைச் சரிவில் இறங்குகிறது. கீழே வேகமாக வந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. நீர் மீண்டும் ஓடைக்கே போய்ச் சேர்கிறது. ஒரு சொட்டும் வீணாவதில்லை. எண்ணெயும் இல்லை, புகையும் இல்லை.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று ஆறாம் ஆண்டு மாணவரே கணக்குப் போடலாம். ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது, இரண்டையும் பெருக்கி, மீண்டும் 5-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய அத்தனை வாட். வினாடிக்கு 20 லிட்டர் நீர், 50 மீட்டர் உயரம் என்றால் 5,000 வாட். அதாவது 5 கிலோவாட். தெரியானில் அமைந்ததும் இந்த அளவுதான்.

முப்பது வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 160 வாட் சொச்சம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஒரு காற்றாடி, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் இவற்றுக்குப் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரையும் ஐயன் பெட்டியையும் போட்டால் ஊரே இருண்டுவிடும். ஆகவே எதை, எப்போது போடலாம் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். சக்கரத்தைச் சுழற்றுவது நீர். நிலையத்தை நடத்துவது ஒற்றுமை.

இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள காட்டை அழித்தால் மழைக்குச் சேறு வரும். வெயிலுக்கு ஓடை வற்றும். விளக்கு எரிய வேண்டுமானால் காடு நிற்க வேண்டும். இதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

இத்தகைய வேலைகளுக்கு மானியம் தரும் வழிகளில் ஒன்று, உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம். 1992-இல் தொடங்கியது, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட அமைப்பு இதை நடத்தி வந்திருக்கிறது. மலேசியாவிலும் பல சமூக அமைப்புகள் இதன் உதவியைப் பெற்றிருக்கின்றன. நெடுங்காலம் ஒரு திட்டத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் வரை என்பதே வரம்பாக இருந்தது. பணம் தனி மனிதருக்குப் போவதில்லை. தொண்டு அமைப்புகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்குமே போகிறது. ஒரேயடியாகவும் தருவதில்லை, வேலை நடந்த கணக்கைக் காட்டக் காட்ட, தவணை தவணையாகத்தான் வரும்.

ஊரார் தங்கள் பங்கையும் போட வேண்டும். பணமாக முடியாவிட்டால் உழைப்பாகப் போடலாம். சிமெண்டும் குழாயும் தோளில் சுமந்து மலையேற்றுவது, பள்ளம் தோண்டுவது, சமைத்துப் போடுவது எல்லாமே பங்குதான். நாம் கோயில் திருவிழாவில் செய்யும் கோத்தோங் ரோயோங் போலவே இது. தன் வியர்வை சிந்திய பொருளை யாரும் துருப்பிடிக்க விடுவதில்லை.

இவற்றோடு நிற்கவில்லை தோனிபுங். பெனாம்பாங்கில் பயிற்சி நிலையம் ஒன்றையும் அமைத்தது. கிராமத்து இளைஞர்கள் சக்கரம், மின்னாக்கி, கம்பி இணைப்பு ஆகியவற்றைத் தாங்களே பழுது பார்க்கக் கற்றுக் கொள்வதற்காக. நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருந்தால், மழைக்காலத்தில் மாதக் கணக்கில் இருட்டில் கிடக்க வேண்டியதுதான். மானியத்தில் ஒரு பங்கு இரும்புக்கும் கம்பிக்கும் போகலாம். இன்னொரு பங்கு கட்டாயம் படிப்புக்குப் போக வேண்டும்.

நமக்கு இது எதற்கு?

"நம் தோட்டத்தில்தான் டி.என்.பி. மின்சாரம் இருக்கிறதே, டீச்சர்!" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். ஆனால் கோயில் மண்டபம், பாலர் பள்ளி, வாசக சாலை ஆகியவற்றின் மின்கட்டணம் யார் தலையில் விழுகிறது? தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்து போகிற நம் பிள்ளைகள் என்ன தொழில் கற்கப் போகிறார்கள்? சூரிய ஒளித் தகடு பூட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவனுக்கு இனி வேலை உண்டு என்பதில் ஐயமில்லை.

மானியம் கேட்க நினைக்கும் சங்கம் முதலில் தன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். சங்கம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தலைவர் சட்டைப் பையில் பணம் இருக்கக் கூடாது. கூட்டக் குறிப்பும் தணிக்கை செய்த கணக்கும் ஆண்டுதோறும் இருக்க வேண்டும். பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். யாருக்குப் பயன்? பழுதானால் யார் பார்ப்பார்? ஐந்தாம் ஆண்டில் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் மனுவே எழுத வேண்டாம். 2009-இல் எங்களிடம் அந்தப் பதில் இல்லை.

இரண்டு வெள்ளி

அந்த மாணவி கேட்ட மறு வாரமே கோயில் வாசலில் கூட்டம் போட்டேன். தவறு என்னுடையது என்று முதலில் ஒப்புக் கொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பால்மரம் வெட்டும் பாட்டி ஒருவர் எழுந்து, "மாசம் ரெண்டு வெள்ளி போட்டா என்ன செத்தா போயிருவோம்?" என்றார். முப்பது குடும்பங்கள், குடும்பத்துக்கு இரண்டு வெள்ளி. மாதம் 60 வெள்ளி. மூன்று ஆண்டுகளில் 2,160 வெள்ளி. பேட்டரியின் விலையோ அன்று அறுநூறு வெள்ளிக்குள்தான். எவ்வளவு சிறிய தொகைக்கு எவ்வளவு பெரிய இருட்டு!

2013-இல் விளக்கு மீண்டும் எரிந்தது. வாரம் ஒருமுறை பேட்டரியைத் துடைத்து, நீர் அளவு பார்த்து, நோட்டில் எழுதும் பொறுப்பைப் பெரிய மாணவர்கள் முறை வைத்து, பெரியவர் ஒருவர் துணையோடு பார்த்துக் கொண்டார்கள். கேள்வி கேட்ட மாணவி அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த விளக்கு உதவவில்லை. அந்தக் குறை என் மனத்தில் இன்றும் இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் துண்டாடலால் நம்மவர் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாக நம் பாட்டன் பாட்டி சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பத்து வெள்ளியால் தோட்டமே வாங்கிய பரம்பரையில் வந்தவர்களுக்கு, இரண்டு வெள்ளியால் ஒரு விளக்கைக் காக்கத் தெரியாதா?

மானியம் வரட்டும், நன்றியோடு வாங்கிக் கொள்வோம். ஆனால் வாங்குகிற நாளிலேயே ஓர் உண்டியலையும் ஒரு நோட்டையும் அதன் பக்கத்தில் வைப்போம். நாளை இன்னொரு பிள்ளை "லைட் ஏன் எரியல?" என்று கேட்கும் நிலை நம் தோட்டத்தில் வேண்டாம்.