நீலத் திட்டு நோயல்ல

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வீடு வீடாகத் தாய்மாரைப் பார்க்கப் போகும் மருத்துவமாது நான். ஒரு சித்திரை வெயிலில், பத்து நாள் பிள்ளையைக் குப்புறத் திருப்பிக் காட்டினாள் ஒரு தாய். இடுப்புக்குக் கீழே சாம்பல் கலந்த நீலத் திட்டு.

“மிஸ்ஸி, ஆரோ அடிச்ச மாதிரிக் கிடக்கு” என்று அழுதாள்.

“இது அடிபட்ட கண்டல் இல்ல புள்ள. நிறம் தாற கலங்கள் தோலுக்கு ஆழத்தில தங்கினதால வாற பிறவித் திட்டு. நம்மட பிள்ளைகளில கனபேருக்கு இருக்கும். பள்ளிக்கூடம் போற வயசுக்குள்ள பெரும்பாலும் மங்கிரும்” என்றேன்.

பிறந்து ஓரிரு நாளில் வரும் செம்புள்ளிகளும் ஒன்றிரண்டு வாரத்தில் தாமே மறையும். வேர்க்குருவுக்குக் காற்றோட்டமும் மெல்லிய பருத்திச் சட்டையும் போதும். பவுடரை அள்ளிப் பூசாதீர்கள்.

சிவந்து புடைக்கும் இரத்தக்குழாய் மறு வேறு. முதல் மாதங்களில் வேகமாக வளர்ந்து, பின்பு ஆண்டுக்கணக்கில் சுருங்கும். அது கண், மூக்கு, வாய்க்கு அருகில் இருந்தாலோ புண்ணானாலோ காத்திருக்காதீர்கள். இதயநோய்க்குக் கொடுத்துவந்த புரோப்ரானலோல் இந்த மறுவையும் சுருக்கும் என்பதை 2008இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தேவைப்படும் பிள்ளைக்கு வைத்தியரின் கண்காணிப்பில் அதை நேரத்தோடு தொடங்க வேண்டும்.

சீழ்க் கொப்புளமோ காய்ச்சலோ கண்டால், வாவியைக் கடந்தாவது அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள்.