கிளிமஞ்சாரோவில் ஏன் மெதுவாக நடக்கிறார்கள்?

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிக உயர்ந்த இடம் கிளிமஞ்சாரோ மலையின் உச்சி. அதன் உயரம் 5,895 மீட்டர். கிழக்கு ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில், நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே சுமார் மூன்று பாகை தொலைவில் இம்மலை தனித்து நிற்கிறது. 1848-இல் ரெப்மான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இதன் முடியில் பனியைக் கண்டதாக எழுதியபோது, வெயில் கொளுத்தும் நாட்டில் பனியாவது என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர். 1889-இல் ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் ஆகிய இருவரும் உச்சியை அடைந்தனர். டாங்கனிகா நாடு 1961-இல் விடுதலை பெற்றபோது அவ்வுச்சிக்கு 'உகூரு' என்று பெயரிட்டனர். சுவாஹிலி மொழியில் அதற்கு 'விடுதலை' என்று பொருள்.

இம்மலையின் வழக்கமான பாதைகளில் ஏறக் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். ஆனாலும் ஏறச் செல்வோரில் பலர் உச்சியைக் காணாமலே திரும்புகின்றனர். சிலர் உயிரையும் இழந்திருக்கின்றனர். நடந்தே ஏறக்கூடிய மலையில் இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது?

ஐந்து காலநிலைகள்

வழிகாட்டி இல்லாமல் இம்மலையில் ஏற அனுமதி கிடையாது. பழைய பாதைகளுள் ஒன்றான மரங்கு வழியை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் சக்கா இன மக்களின் வாழைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் உள்ளன. பயணம் தொடங்கும் வாயில் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் அடர்ந்த மழைக்காட்டின் வழியே நடந்து 2,720 மீட்டரில் உள்ள மண்டாரா குடிலில் தங்குவார்கள். இரண்டாம் நாள் காடு முடிந்து புதர்வெளி தொடங்கும். அன்றிரவு 3,720 மீட்டரில் ஹொரம்போ குடிலில் தங்கல். அதற்கும் மேலே மரமோ புல்லோ இல்லாத கற்பாலை. அதன் கோடியில், சுமார் 4,700 மீட்டரில், கிபோ குடில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஒரே இரவில் ஏற வேண்டும். தோட்டம், காடு, புதர்வெளி, பாலை, பனி என்று ஐந்து காலநிலைகளைச் சில நாட்களில் கடந்து விடுகிறோம்.

கால்கள் இதைத் தாங்கிவிடும். இரத்தம் தாங்குமா என்பதே கேள்வி.

காற்றில் என்ன குறைகிறது?

மலையுச்சியில் பிராணவாயு குறைவு என்று சொல்வது வழக்கம். உண்மையில், அங்கும் காற்றில் பிராணவாயுவின் பங்கு கடற்கரையில் உள்ளதைப் போல நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றழுத்தம். உகூரு சிகரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே அங்கு நாம் ஒருமுறை இழுக்கும் மூச்சில் நுரையீரலுக்குள் செல்லும் பிராணவாயுவும் ஏறத்தாழப் பாதிதான்.

இக்குறையை முதலில் உணர்வது, கழுத்துத் தமனிகளின் பிளவில் உள்ள மிகச் சிறிய உணர்வு உறுப்புகள். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூச்சு வேகமாகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேகமாக மூச்சு விடும்போது கரியமிலவாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தத்தில் காரத்தன்மை மிகுகிறது. உடனே மூளை, "மூச்சைக் குறை" என்று தடை போடுகிறது. ஒருபுறம் வேகப்படுத்தும் கட்டளை, மறுபுறம் தடுக்கும் கட்டளை. உயரத்தில் உறங்குபவர்களுக்கு மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு வேகமாக வருவதற்கு இந்த இழுபறியே காரணம்.

இதைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். மிகுதியான காரப்பொருளான பைகார்பனேட்டை அது சிறுநீரில் வெளியேற்றுகிறது. காரத்தன்மை குறையக் குறையத் தடை நீங்கி, மூச்சு தாராளமாகிறது. ஆனால் இவ்வேலை சில மணி நேரத்தில் முடிவதன்று, நாட்கள் ஆகும். இரத்தச் சிவப்பணுக்கள் பெருகவோ வாரக் கணக்கில் ஆகும். எனவே ஆறேழு நாள் பயணத்தில் நமக்குப் பெரிதும் கைகொடுப்பவை மூச்சும் சிறுநீரகமுமே.

'போலே போலே'

இம்மலையின் வழிகாட்டிகள் அடிக்கடி சொல்லும் சொல் 'போலே போலே'. தமிழ்க் காதுக்கு வேறு பொருள் தரும் இச்சொல்லுக்குச் சுவாஹிலியில் 'மெதுவாக, மெதுவாக' என்று பொருள். மெதுவாக நடந்தால் தசைகள் கேட்கும் பிராணவாயு குறைகிறது. இருக்கும் சிறிதளவு மூளைக்கும் இதயத்திற்கும் போதுமானதாகிறது. உடல்வலிமை மிக்க இளைஞர்கள் இங்கே ஏமாந்துபோவது உண்டு. நல்ல உடற்பயிற்சி மலைநோயைத் தடுப்பதில்லை. விரைந்து ஏறும் துணிவை மட்டும் தந்துவிடுகிறது.

நடை மெதுவாக இருந்தால் மட்டும் போதாது. நாட்களும் மெதுவாக நகர வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. மரங்கு வழியில் இரவுக்கு இரவு ஏறத்தாழ 1,000 மீட்டர் கூடுகிறதே! அதனால்தான் ஹொரம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, பகலில் சற்று மேலே ஏறிவிட்டு, இரவில் கீழே வந்து உறங்குகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் நுழைவுக் கட்டணம், உணவு, வழிகாட்டியின் கூலி, சுமைதூக்கிகளின் கூலி எல்லாம் சேரும். செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் வெட்டுவது இந்த ஓய்வு நாளைத்தான். வெட்டப்படுவது சிறுநீரகத்திற்குத் தேவையான கால அவகாசம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

உச்சிக்குப் போகும் இரவு

கடைசி ஏற்றம் நள்ளிரவில் தொடங்குகிறது. பகலில் காலுக்கடியில் சரியும் எரிமலைச் சரளை, இரவின் குளிரில் இறுகி உறுதியாக இருக்கும். விடியலில் உச்சியை எட்டி, மேகம் சூழுமுன் இறங்கிவிடலாம். அன்று ஏறுவது சுமார் 1,200 மீட்டர். பின் ஹொரம்போ வரை இறங்குவது சுமார் 2,200 மீட்டர்.

வழிகாட்டியின் திறமை புலப்படுவதும் இந்த இரவில்தான். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் தொடக்கம். இவை இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். கால்கள் தள்ளாடிப் பேச்சு குழறினால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இவ்விரண்டும் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக் கூடியவை. முதல் சிகிச்சை, உடனே கீழே இறக்குவதுதான். விடியும் வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. மூளை பாதிக்கப்பட்டவருக்குத் தாம் பாதிக்கப்பட்டது தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, உச்சி அதோ தெரிகிறது" என்பார். பல ஆயிரம் மைல் கடந்து, பெரும் பணம் செலவிட்டு வந்தவரிடம், "திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. அச்சொல்லைக் கேட்டு நடப்பது பயணியின் கடமை.

ஆகவே இத்தகைய மலைப்பயணத்திற்கு ஏற்பாடு செய்வோர், என்ன செலவாகும் என்று கேட்பதோடு, எந்தெந்த உயரத்தில் எத்தனை இரவுகள் தங்குவோம் என்றும் கேட்க வேண்டும். 5,895 மீட்டரை அடைவதற்கான ஆயத்தம் உடலுக்குள் அந்த இரவுகளில்தான் நடைபெறுகிறது.